தம்பி பேரனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண் குழந்தைக்கு நாலு பேருக்குத் தெரிந்த பெயராக வைப்பதா, ஊரில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடிப் பிடிப்பதா என்று போன ஞாயிறு மலரில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் கேட்ட நேரத்தில் எங்கள் வீட்டில் இதே விஷயத்துக்கு மூன்றாவது வாரமாகச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. சரி, நாலு வரி எழுதிப் போடலாம் என்று உட்கார்ந்தேன், நாலு வரியில் நிற்கவில்லை. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆபீசில் 27 வருடமாக கிளார்க். சேர்க்கைப் பதிவேடு, டி.சி., கல்வித்துறை கம்ப்யூட்டர் பதிவான எமிஸ், ஆதார் திருத்தம், நாமினல் ரோல் என்கிற பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியல் என்று பிள்ளைகளின் பெயர் எழுத வேண்டிய எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே வகுப்பில் ஐந்து மணிகண்டன் இருந்தார்கள். எஸ். மணிகண்டன், ஆர். மணிகண்டன் என்று இனிஷியல் வைத்துச் சமாளிப்போம், அதிலும் எஸ். இரண்டு வந்துவிட்டால் பிள்ளைகளே வழி கண்டுபிடித்துவிடுவார்கள், கண்ணாடி மணி, தயிர்சாத மணி என்று. அந்தத் தயிர்சாத மணி இப்போது வங்கியில் ஆபீசர். போன வருடம் தன் பையனைச் சேர்க்க வந்தவரை, பழைய வாத்தியார் ஒருவர் வராந்தாவிலிருந்து அதே பெயரில்தான் கூப்பிட்டார், அவரும் திரும்பிப் பார்த்தார்.

இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு மணிகண்டன் கூட இல்லை. முருகன் இல்லை, ஏழுமலை இல்லை, வெங்கடேசன் இல்லை. 38 பேரில் ஆதவ் மூன்று, கவின் இரண்டு, அப்புறம் ருத்விக், ரித்விக், சாத்விக், ஆத்விக் என்று ஒரு கூட்டம். டீச்சர் பின்பாதியை மட்டும் சொல்லி அதட்டினால் நாலு தலை திரும்பும். இவர்களின் அப்பா அம்மா ஒவ்வொருவரும் என்னிடம் படிவம் கொடுக்கும்போது "யாரும் வைக்காத பேரா பார்த்து வச்சோம் மேடம்" என்று சொன்னவர்கள்தான். பாவம், எல்லோரும் ஒரே வருடத்தில் ஒரே இடத்தில் தேடியிருக்கிறார்கள். என் தம்பி தலைமுறையில் இது ரமேஷ், சுரேஷ், தினேஷ், சதீஷ் என்று 'ஷ்'-இல் வந்தது, அதற்கும் முன்னால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'குமார்' ஒட்டியது. அதெல்லாம் அன்றைக்குப் புதுசு, கேட்பவர்கள் புருவத்தைத் தூக்கினார்கள்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மகனுக்குப் பையன் பிறந்திருக்கிறான். நான் அத்தை முறை என்பதால் பெயர் வைக்கிற அன்று குழந்தை காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டியது நான். என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை.

தம்பி மகன் ரேயான்ஷ் என்கிறான். என்னடா அர்த்தம் என்று கேட்டால் சூரியக் கதிர் என்று போனில் போட்டிருக்கிறதாம். அப்படியென்றால் கதிர் என்றே வைக்கலாமே என்றேன். "அத்தை, கதிர் தெருவுக்குத் தெரு இருக்கான்" என்றான். என் பதிவேட்டில் இந்த வருடம் கதிர் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் மனைவிக்கு ஆதன் என்று ஆசை. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எழுத்தில் 'குவிரன்', 'ஆதன்' என்றெல்லாம் கீறியிருக்கிறதே, அந்த ஆதன். அந்தப் பெண் தமிழ் எம்.ஏ., சும்மா சொல்லவில்லை, சேர அரசர் பெயர்களிலும் ஆதன் வரும் என்று எடுத்துக் காட்டினாள். எனக்குப் பிடித்திருந்தது. சொல்லக் கஷ்டமில்லை, எழுதக் கஷ்டமில்லை, கேட்டால் புதுசாக இருக்கிறது, வயது என்னவோ 2,000 வருடத்துக்கு மேல். தம்பிதான் கெடுத்தான். "பானைல பேர் இருக்குன்னா அது ராஜாவா இருக்கணும்னு என்ன, நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டுல நானும் பேர் வெட்டி வச்சிருக்கேன், 2,000 வருஷம் கழிச்சு எவனாவது தோண்டி எடுத்து என் பேர வைப்பானா" என்று சிரித்தான். அதற்கு அந்தப் பெண் "ஏன் மாமா, வச்சா நல்லாதானே இருக்கும்" என்றாள். தம்பி பெயர் ரமேஷ் வகைதான், அதனால் அத்தோடு பேச்சை மாற்றிவிட்டான்.

சம்பந்தி வீட்டில் ஜாதகம் எழுதியாயிற்று. நட்சத்திரம் ஆயில்யம். அதற்குரிய எழுத்துகள் டி, டு, டே, டோ. நாலு பாதத்துக்கும் ட வரிசைதான். இதில் வேடிக்கை என்னவென்றால் தமிழில் ட சொல்லுக்கு முதலில் வராது, தொல்காப்பியத்திலேயே எந்தெந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும் என்று சொன்ன பட்டியலில் ட கிடையாது. ஆயில்யத்தில் பிறந்த பிள்ளைக்கு எழுத்துப்படிதான் பெயர் வைப்பேன் என்று ஒருவர் நின்றால் அகராதியைத் திறந்து என்ன செய்வது? ஜோசியர் 'டே' என்று குறித்துக் கொடுத்த தாளைத் தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு பேரு, எப்படியும் டேய்னுதான் கூப்பிடப் போறோம்" என்றான். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

தம்பியின் வேட்பாளர் தணிகாசலம். எங்கள் அப்பா பெயர்.

பேரன் என்கிற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். முறைப்படி பார்த்தால் தம்பி மகனுக்கே அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். அப்போது அப்பா உயிரோடு இருந்தார், தம்பி மனைவி மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை எப்படி அதட்டுவது என்று யோசித்தாள், தினேஷ் என்று முடிந்துவிட்டது. இப்போது கொள்ளுப்பேரனுக்காவது வைக்கலாமே என்பது தம்பியின் கட்சி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. பழைய பெயர்களைப் பலரும் 'பழசு' என்று மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு பெயரைக் கேட்டால் ஊர் தெரியும். தணிகாசலம் என்றால் திருத்தணி மலை, ஏகாம்பரம் என்றால் காஞ்சிபுரம், வேதாசலம் என்றால் திருக்கழுக்குன்றம், கபாலி மயிலாப்பூர், பார்த்தசாரதி திருவல்லிக்கேணி, காளத்தி என்றால் காளஹஸ்தி. தெற்கே போனால் சொக்கலிங்கம் மதுரை, நெல்லையப்பன் சொல்லவே வேண்டாம், தாணுமாலயன் என்று ஒருவர் சொன்னால் சுசீந்திரம் பக்கமா என்று கேட்டுவிடலாம். வேண்டுதலும் தெரியும். முதல் இரண்டு பிள்ளை தங்காத வீட்டில் மூன்றாவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றோ, யாரிடமோ தானம் வாங்கியது போலப் பிச்சை என்றோ வைப்பார்கள், எமன் இதெல்லாம் ஒரு பிள்ளையா என்று விட்டுவிடுவானாம். கோபமும் தெரியும், திருத்தணி பக்கத்திலேயே பெண்ணாகப் பிறந்துகொண்டே இருந்தால் 'வேண்டாம்' என்று பெயர் வைத்த ஊர் இருக்கிறது, பேப்பரில் வந்தது. ஆகவே பழைய பெயரெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை.

அரசியலும் பெயரில் இருக்கும். வேதாசலம் என்ற பெயரை விட்டு ஒருவர் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அதைப் பார்த்துத்தான் நம் ஊரில் வீட்டுக்கு ஒரு இளங்கோ, அறிவழகன், செழியன் வந்தார்கள். அன்றைக்கு அதெல்லாம் கேட்டவர்களுக்கு வினோதம். 1953-இல் கலைஞர் தன் பிள்ளைக்கு ஸ்டாலின் என்று வைத்தபோது எத்தனை பேர் முழித்திருப்பார்கள்? அந்தப் பிள்ளை பின்னால் முதலமைச்சரானார், இப்போது அந்தப் பெயரை யாரும் ரஷ்யப் பெயராக நினைப்பதுகூட இல்லை. பெயர் வினோதமாக இருப்பது முதல் பத்து வருடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, அதற்குப் பிறகு அது அந்த ஆள்.

அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், அதாவது ஐ.சி.எஃப்-இல் ஃபிட்டர். அவர் வேலை பார்த்த காலத்தில் அங்கே மூன்று தணிகாசலம். அதனால் ஷெல் பிரிவில் இருந்த அப்பா 'ஷெல்' தணிகாசலம், ஃபர்னிஷிங் பிரிவில் இருந்தவர் 'ஃபர்னிஷிங்' தணிகாசலம், மூன்றாமவர் மீசை தணிகாசலம். பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்குப் போகிற வீடுகள் அத்தனை, அந்த 365 படியும் ஏறிப் போவார்கள், பெயருக்கா பஞ்சம்? இன்றைக்கு எங்கள் பள்ளியில் 900 பிள்ளைகளில் ஒரு தணிகாசலம் இல்லை. ஊரில் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்கிறவன் இதைத்தானே வைக்க வேண்டும் என்று தம்பி மகனிடம் கேட்டேன். "அத்தை, ஸ்கூல்ல சலம் சலம்னு கூப்பிடுவாங்க, புண்ணுல வர்ற சலம்" என்றான். நியாயம்தான். பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும், எனக்கு மறுத்துப் பேச முடியவில்லை. அப்போது தணிகை என்று வை என்றாள் அவன் மனைவி. ஆதனை விட்டுக் கொடுக்கிறாளே என்று நினைத்தேன், உடனே "இல்ல, தணிகை ஆதன்" என்றாள்.

எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததில் அம்மா பேசவே இல்லை. அம்மாவுக்கு 84 வயது. கல்யாணமான நாளிலிருந்து இன்று வரை அப்பா பெயரை வாய் திறந்து சொன்னதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ரேஷன் கார்டுக்கு ஆள் வந்து வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டான். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன், சொல்ல ஆளில்லை. அம்மா, "அதான், ஆடி மாசம் காவடி எடுத்துப் போவாங்களே, அந்த மலை" என்றிருக்கிறாள். முருகனா? இல்லை என்று தலையை ஆட்டினாள். வேலுவா? அதற்கும் ஆட்டினாள். அவன் அவசரத்தில் இருந்தான், சுப்பிரமணி என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருடம் குடும்ப அட்டையில் அப்பா சுப்பிரமணியாகத்தான் இருந்தார், மண்ணெண்ணெய் வாங்கப் போகும்போதெல்லாம் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒரு பித்தளைத் தூக்கு இருக்கிறது. அப்பா வேலைக்குச் சாப்பாடு எடுத்துப் போனது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும், 'ணி'-யில் ஒரு சுழி பாத்திரக்கடைக்காரன் விட்டுவிட்டான், அதனால் அது 'தனிகாசலம்' என்றுதான் இருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள், அந்த எழுத்துகள் மேல் மட்டும் கட்டை விரலால் இரண்டாவது தடவை. பேச்சுக்கு நடுவில் தம்பி அவளிடம் போய் "ஏம்மா, கொள்ளுப்பேரனுக்கு அப்பா பேரையே வச்சிடலாமா" என்று கேட்டான். ரொம்ப நேரம் கழித்து, "வையுங்க. நான் எப்படிக் கூப்பிடறது?" என்றாள். தணிகை என்று சுருக்கினால் என்றதற்கு, "அதுவும் அவங்கதானே" என்றாள். யாருக்கும் பதில் இல்லை.

எனக்கும் இல்லை. ஆனால் ஆபீஸ் மேசையில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு, அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்கிறேன். பழகிய பெயரோ புதுப் பெயரோ, வைப்பதற்கு முன்னால் தமிழில் எழுதிப் பாருங்கள். போன வருடம் நாமினல் ரோல் சரிபார்க்க ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தோம். பையன் பெயர் துருவ். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் யாரோ 'துருவ்' என்று எழுதினார்கள், நடுவில் வேறு பள்ளிக்குப் போய்த் திரும்பியபோது டி.சி.யில் 'த்ருவ்', கம்ப்யூட்டர் தானாக மாற்றியதில் 'திருவ்'. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் தமிழிலும் அச்சாகும், எது சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா அம்மாவைப் பார்த்தார். 15 வருடமாகக் கூப்பிடுகிற பெயரை அவர்கள் தமிழில் ஒரு தடவை கூட எழுதிப் பார்த்ததில்லை. கடைசியில் பையனே பேனாவை வாங்கித் 'துருவ்' என்று எழுதினான்.

தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், அவர்களுக்கு ஆபத்து ஆங்கிலத்தில். அகிலனுக்குக் கே-யா ஜி-யா, கதிருக்கு டி-யா டி.எச்-சா, எழிலனுக்கு எல்-லா இசட்.எச்-சா என்று ஆதாரில் ஒன்று, டி.சி.யில் ஒன்று இருக்கும். போதாததற்கு நியூமராலஜிக்காரர் நடுவில் ஒரு 'ஏ' சேர்த்துவிடுவார், அது அப்பாவின் டைரியில் மட்டும் இருக்கும். அப்புறம் கெஜட்டில் மாற்றுகிறேன் என்று அண்ணா சாலைக்கு அலைவது.

2023 அக்டோபர் 1-இலிருந்து பிறக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதில் என்ன எழுத்து விழுகிறதோ அதுதான் பிள்ளை பின்னாலேயே வரும். அதற்காக ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போதே பதறிப்போய் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டியதில்லை. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும், பெயரை அப்புறம் சேர்க்கலாம். 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. இது தெரியாமல் பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டு நர்ஸ் கேட்டதற்காக முதலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, மருமகளின் அண்ணன் துபாயில் இருக்கிறார், பெயர் இரண்டு சொல்லாக இருந்தே ஆக வேண்டும் என்று போனிலேயே கட்டளை. 2022 நவம்பரில் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவர்களை விசிட் விசாவில் விட மாட்டோம் என்று அமீரகத்தில் சொன்னார்கள், பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்றார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஜாதிப் பெயரையும் விட்டுவிட்டோம், இருப்பது ஓர் இனிஷியல். அதை விரித்தால் அப்பா பெயர்தான். அதற்காகப் பிள்ளை பிறக்கும்போதே வால் ஒட்ட வேண்டுமா? எனக்கு வேண்டாம் என்றுதான் படுகிறது.

கடைசியாக மாடியில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில், கீழே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறவன் காதில் விழுகிற மாதிரி. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார், பரவாயில்லை. ஆதன் நன்றாக நீண்டு போகிறது, ஆ-வில் மூச்சு நிற்கிறது. தணிகை சின்னதாக முடிந்துவிடுகிறது, ஆனால் கேட்கிறது. ரேயான்ஷ் 'ன்ஷ்'-இல் வாயிலேயே நின்றுவிட்டது. தம்பி மகனிடம் சொன்னேன். "நீங்க வேணும்னே அப்படிக் கூப்பிட்டீங்க" என்றான். கொஞ்சம் உண்மைதான்.

யார் என்ன சொன்னாலும் பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் ஓட்டு தணிகைக்கு, அம்மா கேட்ட கேள்வி மட்டும் இல்லையென்றால். இப்போதைக்கு அவன் தடுப்பூசி அட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு அவனைப் பெற்றவள் பெயர் இருக்கிறது, எங்கள் அம்மா அவனைச் சாமி என்கிறாள், தம்பி டேய் என்கிறான். அத்தை சீராக வெள்ளிக் கிண்ணம் வாங்கிவிட்டேன். கடைக்காரர் என்ன பேர் வெட்டணும் என்று கேட்டார், அப்புறம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். பீரோவில் டப்பாவோடு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை.
(பெயரைப் போட வேண்டாம், பள்ளியில் தெரிந்தால் வம்பு.)